பல்னாரி கோபுரத்தின் வயது

தலையில் விழுந்தது மழை என்றுதான் இஷ்பெல் முதலில் நினைத்தாள்.

ஆனால் மழை இப்படி நாறாதே...

யோசித்து முடிப்பதற்குள் அழுகிய இலை, பச்சைப் பாசி, கரிய சேறு என்று ஒரு வாளி மொத்தமும் அவள் தலையில் இறங்கி, கழுத்து வழியாகக் கோட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது.

"அடடா!" என்று உயரத்திலிருந்து ஒரு குரல். "கீழே யாராவது இருக்கீங்களா?"

"இருந்தேன்!" என்று கத்தினாள் இஷ்பெல். "இப்போ வெறும் சேறுதான் இருக்கு!"

ஏணி ஆடியது. இரண்டு பூட்ஸ்கள் இறங்கின. பிறகு நீளமான கால்கள், நனைந்து தொங்கிய கம்பளிச் சட்டை, கடைசியாக ஒரு முகம். நெற்றியில் ஒட்டிய செம்பட்டை முடிக்குக் கீழே... அந்தக் கண்கள். பழுப்பா, பச்சையா? மலையோடையில் வெயில் படும்போது அடியில் கிடக்கும் கூழாங்கல்லுக்கு ஒரு நிறம் வருமே... அது!

'சேறு சொட்டச் சொட்ட நின்றுகொண்டு கண்ணின் நிறத்தையா ஆராய்வாய்?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க... கூரைத் தண்ணி போற குழாய் அடைச்சுக்கிச்சு. இந்த மழையில எவன் வந்து சுவரோரம் நிக்கப் போறான்னு..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தினான். அவள் வலது கையையே பார்த்தான். "அது என்ன?"

"கத்தி."

"என் வீட்டுச் சுவரைக் கத்தியால குத்திட்டிருந்தீங்களா?"

"குத்தல. சுரண்டிப் பார்த்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"குத்தினா கோபம். சுரண்டினா ஆர்வம்."

சிரிக்கக் கூடாது என்று அவன் படாத பாடு பட்டான். முடியவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்து இஷ்பெலுக்கும் கோபத்தைப் பிடித்து வைக்க முடியாமல் போனது.

நடந்தது இதுதான். ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரில் ஓர் அலுவலகத்தில் பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து, அவற்றுக்கு வயது சொல்லும் வேலை இஷ்பெலுக்கு. அன்று காலை டான் நதிப் பள்ளத்தாக்கில் ஒரு பாழடைந்த தேவாலயத்தை அளக்கப் புறப்பட்டாள். வழியில் ஓடை பெருகிச் சாலை மேல் ஏறிக்கொண்டது. நடு நீரில் காரும் நின்றுவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் தெரிந்த ஒரே கூரை இந்தப் பல்னாரி வீடுதான். மூலைக்கு மூலை குட்டிக் கோபுரமும், படிப்படியாக ஏறும் உச்சிச் சுவருமாக, மழைத் திரைக்குப் பின்னால் கம்பீரமாக நின்றது. ஓடி வந்து சுவரோரம் ஒதுங்கினாள். பழைய சுவரைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்காது. கற்களுக்கு நடுவே இருந்த காரையைக் கொஞ்சம் சுரண்டினாள்.

அந்தக் காரையில் ஏதோ ஒன்று அவளை உறுத்தியது... அது என்னவென்று யோசிக்கும்போதுதான் வாளி கவிழ்ந்தது.

"உள்ளே வாங்க" என்றான் அவன். "என் பேர் ரூரி. ரூரி டர்வர்ட். முதல்ல ஒரு துண்டு, அப்புறம் சூடா சூப்... அப்புறம் நீங்க என்ன திட்டணுமோ திட்டிக்கலாம்."

பின்கட்டுச் சமையலறையில் இரும்பு அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. ரூரியின் கம்பளிச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, நீண்டு தொங்கிய கையை நாலு முறை மடித்துவிட்டுக்கொண்டு, பார்லி சூப்பில் ஓட்ஸ் ரொட்டியை முக்கித் தின்றாள் இஷ்பெல். எதிரே ரூரியின் அப்பா ஹெக்டர். எழுபது வயதிலும் தூண் மாதிரி விறைப்பு. குரல் மட்டும் மூன்று ஆளுக்குப் போதும்.

"என்ன வேலைன்னு சொன்னே? திருப்பிச் சொல்லு!"

"பழைய கட்டடங்களை ஆராயற வேலை, மிஸ்டர் டர்வர்ட்."

"ஹெக்டர்னு கூப்பிடு. டேய் ரூரி, கேட்டியா? வீட்டுக்கு வயசு சொல்ற பொண்ணு! ஓடை இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை பண்ணியிருக்கு!"

சூப்பை முடிக்கக்கூட விடவில்லை. வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போனார். வாசலுக்கு மேலே ஒரு கல்லில் குடும்பச் சின்னம். அதன் கீழே 1587 என்று பொறித்திருந்தது. மூலைக்கு மூலை ஒரு கதை வைத்திருந்தார் ஹெக்டர். இந்த அறையில்தான் அரசனின் தூதுவன் தங்கினானாம். இந்தப் படிக்கட்டில்தான் கறுப்பு கில்பர்ட் என்ற முன்னோர் ஒற்றை ஆளாக ஏழு பேரைத் தடுத்து நிறுத்தினாராம். சுவரில் செங்குத்தாக இருந்த ஒரு துளையைத் தட்டிக் காட்டினார்.

"இது வழியா அம்பு விட்டு மூணு மாட்டுத் திருடனைச் சாய்ச்சார்!"

இஷ்பெல் குனிந்து பார்த்தாள். துளைக்கு நேர் எதிரே இதே வீட்டின் புகைபோக்கி நின்றது. இங்கிருந்து அம்பு விட்டால் சொந்தச் சமையலறையைத்தான் தாக்க முடியும்... துளைக்குள் கையை விட்டாள். சுவரின் கனம் முழங்கை வரைகூட வரவில்லை.

கோட்டைச் சுவரா இது?

"ஜூன் முதல் சனிக்கிழமை, வட்டார வரலாற்றுச் சங்கத்துக்காரங்க வெண்கலப் பலகை பதிக்க வராங்க" என்றார் ஹெக்டர். அவர் கண்கள் மின்னின. "அதுக்குள்ள நீ வீட்டை அளந்து ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்துடு, பொண்ணே. 1587ன்னு உன் கையால ஒரு வரி... அது போதும் எனக்கு."

அந்த நிமிஷமே தன் சந்தேகத்தைச் சொல்லியிருக்க வேண்டும். இஷ்பெலுக்குத் தெரியும். வாயைத் திறக்கவும் செய்தாள். ஆனால் அப்பாவுக்குப் பின்னால், கதவில் சாய்ந்து நின்ற ரூரி, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்...

"அடுத்த சனிக்கிழமை வரேன்" என்றாள்.

தொழில் ஆர்வம். வேறொன்றுமில்லை. அந்தக் கூழாங்கல் கண்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை... என்று டிராக்டரில் அவன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, ஓடையிலிருந்து காரை இழுக்கப் போகும் வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாள். ஏப்ரல் முடிந்து மே பிறந்தது. வேலியோரம் மஞ்சள் முட்பூக்கள் தீப்பிடித்தது போல் பூத்தன. அளவு நாடாவின் ஒரு முனை அவள் கையில், மறு முனை ரூரியின் கையில். மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு, உருளைக்கிழங்கு வயலைப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க ஓடி வருவான் அவன்.

"இந்தச் சமையல்கட்டைப் பாருங்க" என்பாள். "நடுவுல கதவு, ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஜன்னல். கோடு போட்ட மாதிரி. கோபுரத்தோட சேராம தனியா கட்டினது, இருநூறு வருஷத்துக்கு மேல ஆகுது. நிம்மதியா தூங்கினவங்க கட்டின வீடு இது."

"அது எப்படித் தெரியும்?"

"சுவர் மெலிசு, ஜன்னல் பெருசு. யாரும் சண்டைக்கு வரமாட்டாங்கன்னு நம்பிக்கை வந்தாத்தான் ஜன்னல் பெருசாகும். அதுக்கு முன்னாடி எல்லாரும் பயந்து பயந்து கட்டினாங்க. வாசல் மாடியில. ஏறினதும் ஏணியை இழுத்துக்கலாம். ஜன்னல் ஒரு கை நுழையற அளவு. சுவரோ ஒரு ஆள் படுத்துக்கற அகலம். தரைத்தளத்துக்கு மேல கல் வளைவு. கீழே தீ வெச்சாலும் மேல ஏறாது."

"வேலையாட்கள், மாடு?"

"வெளியில. மண்ணும் புல்லும் வெச்சுக் கட்டின குடிசைங்க. அதெல்லாம் கரைஞ்சே போச்சு... கல் வீட்டுல படுத்தவங்க கதை மட்டும்தான் நமக்கு மிஞ்சியிருக்கு."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். நாடா தளரும்.

"இழுத்துப் பிடிங்க!"

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்..."

"அது சரி, வடக்குச் சுவர்ல இப்படி சிமென்ட்டை அப்பினது யாரு? சுண்ணாம்புப் பூச்சு இருந்தா சுவர் மூச்சு விடும். இது அதோட மூக்கைப் பொத்தின மாதிரி."

"எங்க அப்பா. நான் பிறந்த வருஷம்."

"வரலாற்றுல நான் பார்த்த மோசமான குற்றம் இதுதான்!"

"அவர் கிட்டயே சொல்லுங்களேன், பார்ப்போம்!"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அவளுக்குள் ஏதோ சுருக்கென்றது. சிமென்ட்டைப் பற்றிச் சொல்வது சுலபம்... மற்றதை எப்படிச் சொல்வது? ரயிலும் காசும் வந்த பிறகு, பயமே தெரியாத பணக்காரர்கள் பயந்த காலத்து வீடு மாதிரியே அழகுக்காகக் கட்டிக்கொண்டார்கள். கோபுரம், அம்புத் துளை, எல்லாம் வேஷம். முதல் நாள் அவள் சுரண்டிய காரை நானூறு வருஷப் பழசாகத் தெரியவில்லை; இந்த வீட்டுக் கற்களின் ஓரங்களும் ரம்பத்தால் அறுத்தது போல நேராக இருந்தன. எந்த வேஷத்துக்கு முன்னால் தினமும் இந்த அப்பாவும் பிள்ளையும் தலை நிமிர்ந்து நிற்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. 'ஆதாரம் கிடைக்கட்டும். கிடைத்ததும் சொல்லிவிடலாம்...'

ஒரு சனிக்கிழமை, கோபுரத்தின் சுழல் படிக்கட்டில் அவள் இறங்க, அவன் ஏற, நடுவில் சந்தித்துக்கொண்டார்கள். ஒருவர்தான் போக முடியும்.

"யார் வழி விடணும்?" என்றான்.

"மேல இருந்து வர்றவங்களுக்குத்தான் முதல் உரிமை."

"எந்தச் சட்டத்துல இருக்கு?"

"இப்போதான் போட்டேன்."

அவன் வழி விடவில்லை. அவளும் கேட்கவில்லை. சின்ன ஜன்னல் வழியே மழைக்குப் பிந்தைய வெளிச்சம் விழுந்தது. அவள் கூந்தலில் ஒட்டியிருந்த ஒட்டடையை இரண்டு விரலால் மெல்ல எடுத்தான். விரல் காதோரம் பட்டது... பட்டதா, பட்டது போல் இருந்ததா?

"இஷ்பெல்... உன் வேலை அடுத்த வாரத்தோட முடிஞ்சிடுமா?"

உன் வேலை! அந்த ஒற்றைச் சொல்லில் 'நீங்க' காணாமல் போனதை அவள் மனம் உடனே பிடித்துக்கொண்டது.

"மெதுவா அளந்தா... முடியாது" என்றாள், படியைப் பார்த்துக்கொண்டு.

"அப்போ மெதுவாவே அளப்போம்" என்றான் அவன். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

ஆதாரம் எடின்பரோவில் கிடைத்தது.

ஓர் ஆவணக் காப்பகத்தில், துணி சுற்றிய ஒரு கட்டுக்குள், பல்னாரி கோபுரத்தின் வரைபடம் முழுக்க இருந்தது. ஒவ்வொரு குட்டிக் கோபுரமும், ஒவ்வொரு அம்புத் துளையும். தேதி 1861. கட்டச் சொன்னவர் ஆர்ச்சிபால்ட் டர்வர்ட், அபெர்டீன், சோப்பு உற்பத்தியாளர். வாசலுக்கு மேலே ஓர் அம்புக்குறி போட்டு, அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'இங்கே 1587 என்று பொறிக்கவும். சற்றுத் தேய்ந்தாற்போல் இருக்கட்டும்.'

இஷ்பெல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் முறைத்தார். அதற்குப் பிறகுதான் ஹெக்டரின் முகம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு அப்படியே வற்றிப்போனது.

மறுநாளே போனாள். ஆற்றங்கரையில் வேலிக் கம்பி கட்டிக்கொண்டிருந்த ரூரி, சனிக்கிழமை அல்லாத ஒரு நாளில் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர ஓடி வந்தான். அவள் வரைபடத்தின் நகலைக் கொடுத்தாள். படித்தான். திரும்பப் படித்தான்.

"சோப்பா?"

"சோப்புதான்."

"தேய்ந்தாற்போல் இருக்கட்டும்..." என்று மெல்லப் படித்தான். அவன் சிரிக்கவில்லை. "இதை அப்பா கிட்ட சொல்லாதே."

"ரூரி..."

"அம்மா போய் ஆறு வருஷமாச்சு. அதுக்கப்புறம் அவர் சந்தோஷமா பேசறதே இந்த வீட்டைப் பத்தித்தான். பலகை பதிக்கிற அன்னைக்குப் போட புதுசா கோட்டு தைச்சு வெச்சிருக்கார், இஷ்பெல். 1587ன்னு ஒரு வரி எழுதிட்டா யாருக்கு என்ன கெட்டுப்போயிடும்?"

"எனக்குக் கெட்டுப்போயிடும். அந்த ஒரு வரி பொய்யா இருந்தா, இதுவரைக்கும் நான் எழுதின எதையும் யாரும் நம்ப வேண்டியதில்ல."

அவன் கம்பியைக் கீழே போட்டான். "ஒண்ணு கேட்கறேன். இது உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்துதான். ஆனா..." பொய் சொல்ல வரவில்லை அவளுக்கு. "முதல் நாளே சந்தேகம் இருந்துச்சு."

"முதல் நாளே."

"நிச்சயமா தெரியாம எப்படிச் சொல்றது..."

"அப்போ இத்தனை சனிக்கிழமையும் என் கூட சிரிச்சுக்கிட்டே, எங்க வீடு பொய்யின்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுட்டிருந்தே. நான் ஒரு முட்டாள், டேப்பைப் பிடிச்சுட்டு உன் பின்னாடியே சுத்தியிருக்கேன்."

"அப்படி இல்ல!"

"எழுத வேணாம். எதுவும் எழுத வேணாம். இனிமே இங்கே வரவும் வேணாம்."

அவள் திரும்பி நடந்தாள். கூப்பிடுவான் என்று காரை எடுக்கும்வரை காத்திருந்தாள். அவன் கூப்பிடவில்லை. அவள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவனும் காத்திருந்தானோ என்னவோ...

இரண்டு சனிக்கிழமைகள் போயின. அபெர்டீனின் சாம்பல் நிற கிரானைட் வீதிகளில் மழை பெய்தால் கல்லெல்லாம் மினுங்கும். இஷ்பெலுக்குப் பிடித்த காட்சி அது. இப்போது ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். 'முதல் நாளே சொல்லியிருந்தால்...' என்று ஒரு மனம். 'வராதே என்று சொன்னவன் அவன்தானே, நான் ஏன் போக வேண்டும்' என்று இன்னொரு மனம்.

மே கடைசி வாரத்தில் போன் அடித்தது.

"பொண்ணே!" மூன்று ஆள் குரல். "என்ன ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்? இவன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு சுத்தறான். நீ ஆளையே காணோம். என் அறிக்கை எங்கே?"

இதற்கு மேல் ஒளிந்துகொள்ள அவளால் முடியவில்லை.

சமையலறை மேஜையில், ஹெக்டர் முன்னால் வரைபடத்தை விரித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்... கல்லின் ஓரங்கள், சுவரின் கனம், புகைபோக்கியைப் பார்க்கும் அம்புத் துளை, சோப்பு. "முதல் நாளே சொல்லியிருக்கணும். உங்க சந்தோஷத்தைப் பார்த்துட்டு எனக்கு வாய் வரல. அது என் தப்பு. என்னை மன்னிச்சுடுங்க" என்று முடித்தாள்.

ஹெக்டர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய குரல் எங்கோ போயிருந்தது.

"கறுப்பு கில்பர்ட்?" என்று மட்டும் கேட்டார்.

"அவர் இருந்தது உண்மை. நிலப் பத்திரத்துல பேர் இருக்கு. ஆனா அவர் இந்த வீட்டைப் பார்த்ததே இல்ல."

அவர் எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கதவருகே ரூரி. எப்போது வந்தான் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டிருந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்... அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பா போன திசையில் நடந்தான்.

வீடு வரும்வரை கார்க் கண்ணாடியில் மழையே இல்லை. ஆனாலும் பாதை முழுக்க அவளுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் மாலை. இஷ்பெல் குடியிருந்தது நூற்றிருபது வருஷக் கிரானைட் அடுக்குமாடி. நாலு தளம், எட்டுக் குடும்பம், எல்லாருக்கும் ஒரே கல் படிக்கட்டு. கீழே ஒருவர் தும்மினால் மேலே இருப்பவர் நலம் விசாரிக்கலாம், அப்படி எதிரொலிக்கும். அன்று படிக்கட்டு கழுவும் முறை முதல் மாடி மிஸஸ் பெட்ரிக்கு.

"நில்லு! ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது! இப்போதான் துடைச்சேன்!"

"ஒரே நிமிஷம்மா, மூணாவது மாடிக்குப் போகணும்..."

அந்தக் குரல்! இஷ்பெல் கதவைத் திறந்து, கைப்பிடிக் கம்பி மேல் குனிந்து பார்த்தாள். தரைத்தளத்தில், சேறு அப்பிய பூட்ஸும் கலைந்த செம்பட்டை முடியுமாக ரூரி அண்ணாந்து நின்றான். அவனுக்கு முன்னால், துடைப்பத்தை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு மிஸஸ் பெட்ரி.

"இந்த பூட்ஸோடயா? காயறவரைக்கும் யாரும் ஏறக் கூடாது. பேசணும்னா அங்கேயே நின்னு பேசு!"

"இஷ்பெல்!" என்று கத்தினான் ரூரி. எட்டு வீட்டுக்கும் கேட்டது. "அப்பா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல!"

அவள் கம்பி மேல் இன்னும் குனிந்தாள்.

"இன்னைக்குக் காலையில என் கதவைத் தட்டினார். 'கில்பர்ட் இந்த வீட்டுல இல்லன்னா வேற எங்கேயோ படுத்துத் தூங்கியிருக்கணும்டா. வா, கண்டுபிடிப்போம்'னு சொன்னார்! நீ விட்டுட்டுப் போன டேப்பை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு கொட்டகையா அளந்தோம். நீ சொன்னியே, பயந்து கட்டினா சுவர் ஒரு ஆள் படுக்கற அகலம் இருக்கும்னு..."

"ஆமா...?"

"பின்னாடி உருளைக்கிழங்கு போட்டு வைக்கிற குடோன்! சுவர் அஞ்சடி நாலு அங்குலம்! தகரக் கூரைக்கு அடியில கல் வளைவு!"

இஷ்பெல் கம்பியை இறுகப் பிடித்தாள். "சுவர்ல எங்கேயாவது ஓட்டை இருக்கா?"

"பூனை போற ஓட்டை ஒண்ணு இருக்கு. வெளியில வாய் அகலம், உள்ளே போகப் போக குறுகல்."

"அது பூனைக்கு வெச்சது இல்ல ரூரி! துப்பாக்கி வைக்கிற துளை!" அவள் கத்தியதில் இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. "மேல் மாடிங்களை இடிச்சு, அந்தக் கல்லை எடுத்துத்தான் உங்க சமையல்கட்டைக் கட்டியிருப்பாங்க... கீழ்த்தளம் மட்டும் நின்னிருக்கு! அது கில்பர்ட்டோட வீடு, ரூரி! நானும் அதைத் தாண்டித்தானே நடந்துட்டிருந்தேன், ஒரு நாள்கூட உள்ளே எட்டிப் பார்க்கலையே!"

"அப்பா கிழங்கு மூட்டை மேல உக்கார்ந்து அழுதார். அப்புறம் சிரிச்சார். இப்போ ஊர்ல ஒருத்தரை விடாம கூப்பிட்டு, ஸ்காட்லாந்துலயே சிறந்த பொய்க்காரர் எங்க ஆர்ச்சிபால்ட்தான்னு பெருமை அடிச்சுட்டிருக்கார்! சங்கத்துக்காரங்களையும் கூப்பிட்டு, பலகை குடோனுக்குன்னு சொல்லிட்டார். புதுக் கோட்டு வீணாகல!"

எங்கிருந்தோ ஒருவர் கைதட்டினார். இஷ்பெல் அழுதுகொண்டே சிரித்தாள்.

"இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?"

அவன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான். மிஸஸ் பெட்ரி துடைப்பத்தின் மேல் மோவாயை ஊன்றிக்கொண்டு அவனையே பார்த்தாள். "சொல்லுப்பா" என்றாள். "இவ்வளவு சொன்னவனுக்கு மீதியைச் சொல்ல என்ன?"

"இல்ல" என்றான் ரூரி. குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் படிக்கட்டு அதைப் பத்திரமாக மேலே கொண்டு வந்து சேர்த்தது. "மன்னிப்புக் கேட்க வந்தேன். அப்பா தாங்கமாட்டார்னு நான் பயந்தேன். நீ அவரை நம்பினே. உண்மையைத் தாங்கற ஆளுன்னு அவரை மதிச்சது நீதான், அவர் பிள்ளை நான் இல்ல. அப்புறம்... நீ வராத முதல் சனிக்கிழமை மாட்டுக்குத் தீனி வைக்க மறந்துட்டேன். ரெண்டாவது சனிக்கிழமை மாடுங்களே என்னைப் பரிதாபமா பார்த்துச்சு. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, இஷ்பெல். நீ வீட்டுக்கு வந்து எதையும் அளக்க வேணாம், எழுத வேணாம்... சும்மா வா. தினமும் வா. திரும்பிப் போகாம இங்கேயே இருந்தாலும் சரி."

மேலே வானத்தைப் பார்த்த கண்ணாடிக் கூரை வழியே ஜூன் மாதத்து மாலை வெயில் நாலு தளத்துக்கும் இறங்கிக்கொண்டிருந்தது.

இஷ்பெல் இறங்க ஆரம்பித்தாள். காலில் செருப்பில்லை. வெறும் கம்பளிக் காலுறை.

"ஏய், ஈரம்! வழுக்கும்!" என்றான் ரூரி பதறி.

"இறங்கட்டும், விடு" என்று துடைப்பத்தை ஓரமாகச் சாத்தினாள் மிஸஸ் பெட்ரி. "நான் இன்னொரு தடவை துடைச்சுக்கறேன்."

கடைசிப் படியில் நின்றாள். இப்போது இருவர் கண்களும் ஒரே உயரத்தில் இருந்தன. அவன் சட்டையில் கிழங்கு மண் வாசம். கன்னமெல்லாம் சூடேறி, தலை தானாகக் குனிந்தது. ஆனாலும் வாய் மூடிக்கொள்ளவில்லை.

"ரூரி... போன தடவை சொல்ல வேண்டியதை நாள் கடத்திச் சொன்னேன். அதனால எவ்வளவு பட்டுட்டோம்..." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இந்தத் தடவை உடனே சொல்லிடறேன். எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு. ரொம்ப... ரொம்பப் பிடிச்சிருக்கு."